இடது கால் இறங்கிப்போன செரோக்கி

ஹேங்கர் கதவைத் திறந்ததும் என் கண் முதலில் போவது இறக்கை நுனிகளுக்குத்தான். இரண்டும் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்று பார்ப்பேன். இரண்டு குளிர்காலமாக இப்படி. முக்கால்வாசி நாள் இடது இறக்கை தாழ்ந்திருக்கும், ஒரு காலில் மட்டும் செருப்பு போட்டுக்கொண்டு நிற்கிற ஆள் மாதிரி. உடனே பம்பை எடுத்துக் காற்றடிப்பேன், விமானம் நிமிரும், நானும் பறந்துவிட்டு வந்து அதை மறந்துவிடுவேன். அடுத்த வாரம் மறுபடி அதே கதை. கடைசியில் இந்த மார்ச்சில் அந்த இடது சக்கரத்தின் காலைக் கழற்றிப் பார்த்தோம். என்ன இருந்தது, என்ன செய்தோம், எங்கே சொதப்பினோம் என்பதைத்தான் எழுதுகிறேன். பழைய சின்ன விமானம் வைத்திருக்கிற யாருக்காவது உதவும், இல்லாதவர்களுக்குப் பொழுதாவது போகும்.

எங்களுடையது 1967-இல் செய்த பைப்பர் செரோக்கி 140. நானும் இரண்டு நண்பர்களும் பங்கு போட்டு வாங்கியது, ஓஹாயோவில் ஒரு சின்ன விமானத்தளத்தில் நிற்கிறது. ஃப்ரெட் வைக், ஜான் தோர்ப், கார்ல் பெர்ஜி ஆகியோர் சேர்ந்து வடிவமைத்த ரகம் இது. பாகங்கள் குறைவாக இருக்க வேண்டும், கட்டுவது எளிதாக இருக்க வேண்டும், விலை குறைய வேண்டும் என்பதே நோக்கம். ஃப்ளோரிடாவின் வீரோ பீச் ஆலையில் செய்தார்கள். 140 என்கிற இந்த வகை 1964-இல் பயிற்சி விமானமாக வந்தது. இறக்கை நுனி வரைக்கும் ஒரே அகலம், அதனால் ஹெர்ஷி சாக்லேட் கட்டி இறக்கை என்று கேலியாகவும் பாசமாகவும் சொல்வார்கள். முழுப் பாரம் ஏற்றினாலும் 975 கிலோதான். அந்தப் பாரத்தை மூன்று ஸ்ட்ரட்டுகள், அதாவது சக்கரங்களைப் பிடித்திருக்கிற கால்கள், தாங்குகின்றன, மூக்கில் ஒன்று, இறக்கைக்குக் கீழே இரண்டு.

ஸ்ட்ரட் எப்படி வேலை செய்கிறது என்று ஊரில் புல்லட் வைத்திருந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். முன் ஃபோர்க்கில் எண்ணெய் ஒழுகி டயர் மேலே வழிந்து, மெக்கானிக் கடைக்காரர் "ஆயில் சீல் போச்சு சார்" என்று சொல்வார் இல்லையா, கிட்டத்தட்ட அதே சமாசாரம். ஒரு உருளை, அதற்குள் ஏறி இறங்குகிற பிஸ்டன் குழாய், உள்ளே எண்ணெய். வித்தியாசம் என்னவென்றால் புல்லட்டில் சுருள்வில் இருக்கிற இடத்தில் இங்கே அடைத்து வைத்த காற்றோ நைட்ரஜனோ இருக்கிறது. வாயுதான் வில். எண்ணெய்க்கு வேறு வேலை: சக்கரம் தரையில் மோதும்போது எண்ணெய் ஒரு சின்னத் துளை வழியாகப் பிதுங்கிப் போகிறது, அந்தச் சிரமத்தில் மோதிய வேகம் சூடாக மாறி அடங்குகிறது. வாயு மட்டும் இருந்தால் விமானம் ரப்பர் பந்து மாதிரி திரும்ப எகிறும். இந்த யோசனை பீரங்கியிலிருந்து வந்தது. 1897-இல் வந்த பிரெஞ்சு 75 மில்லிமீட்டர் பீரங்கி, சுட்டதும் பின்னால் வருகிற உதையை எண்ணெயாலும் காற்றாலும்தான் வாங்கிக்கொண்டது. குண்டை வெளியே தள்ளுவதில் வருகிற உதையும் விமானத்தை நான் இறக்குகிற விதத்தில் வருகிற உதையும் ஏறக்குறைய ஒன்று என்று என் பங்காளி ஒருவர் சொல்வார். அவர் இறக்குவதைப் பற்றி நான் எதுவும் சொல்வதில்லை.

அமெரிக்கச் சட்டத்தில் ஒரு சலுகை உண்டு. உரிமம் உள்ள விமானி தன் சொந்த விமானத்தில் தானே செய்துகொள்ளலாம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. ஸ்ட்ரட்டில் எண்ணெயோ காற்றோ இரண்டுமோ நிரப்புவது அதில் அடக்கம். ஆனால் ஸ்ட்ரட்டைப் பிரிப்பது கிடையாது. அதற்குச் சான்று பெற்ற மெக்கானிக் செய்ய வேண்டும், அல்லது அவர் பக்கத்திலேயே இருந்து கவனிக்க நாம் செய்து, அவர் லாக் புத்தகத்தில், அதாவது விமானத்தின் பராமரிப்புப் பதிவேட்டில், கையெழுத்துப் போட வேண்டும். நியாயமான விதிதான். ஆனால் என்னைப் போன்ற சோம்பேறிக்கு இது வசதியாகப் போய்விட்டது. பம்பு என் கையில், மெக்கானிக்கைக் கூப்பிடத் தேவையில்லை. எங்கள் லாக் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன், 1994-க்குப் பிறகு அந்த இடது ஸ்ட்ரட்டை யாரும் பிரித்ததாகக் குறிப்பே இல்லை. "காற்று நிரப்பப்பட்டது" என்று மட்டும் வரிசையாக இருக்கிறது, நான்கைந்து பேருடைய கையெழுத்துகளில். எனக்கு முன்னாலும் என்னைப் போல ஆட்கள் இருந்திருக்கிறார்கள்.

முதல் குளிர்காலத்தில் குளிரைக் குறை சொன்னேன். அதில் பாதி உண்மை. 25 டிகிரியில் அடைத்த வாயு மைனஸ் 10-க்குப் போனால் ஒன்பதில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கிவிடும், ஸ்ட்ரட்டும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். ஆனால் குளிர் இடது காலை மட்டும் பார்த்துப் பிடிக்காதே! இரண்டும் சமமாக இறங்கினால் குளிர், ஒன்று மட்டும் இறங்கினால் கசிவு. இது எனக்கு உறைக்க ஒரு வருஷம் ஆனது. அதற்கப்புறம் மேலே இருக்கிற வால்வைச் சந்தேகப்பட்டேன். பார்க்கக் கார் டயர் வால்வ் மாதிரியே இருக்கும், சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழ் வருகிறதா என்று தெரிந்துவிடும். வரவில்லை. சரி, வால்வ் நல்லது. அப்படியானால் கீழேதான் போகிறது. கீழே பிஸ்டன் குழாயைச் சுற்றி ஒரு சிவப்பு வளையம், துடைத்தால் மறுநாள் மறுபடி வரும். விமான ஹைட்ராலிக் எண்ணெயில் 5606 என்று எண் வைத்துச் சொல்கிற ரகத்துக்குச் சிவப்புச் சாயம் போடுவார்கள், ஒழுகினால் கண்ணில் படட்டும் என்று. என் கண்ணில் பட்டது, புத்தியில் படவில்லை.

இதில் நான் செய்த பெரிய தப்பு, உயரத்தை மட்டும் நம்பியது. எரிபொருளும் எஞ்சின் ஆயிலும் நிரம்பி, ஆள் யாரும் ஏறாமல் நிற்கும்போது இறக்கைக் கால்களில் 4.5 அங்குலக் குழாய் வெளியே தெரிய வேண்டும், மூக்குக் காலில் 3.25 அங்குலம். நான் ஸ்கேல் வைத்து அளந்து, குறைந்தால் காற்றடித்து, 4.5 வந்ததும் திருப்தியாகக் கிளம்பிவிடுவேன். ஆனால் உள்ளே எண்ணெய் பாதி ஒழுகிப் போயிருந்தாலும் காற்றை அடித்தால் அதே 4.5 வரும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. விமானம் தரையிறங்கும்போதுதான் தெரியும். எண்ணெய் போதாததால் அடக்கம் இல்லாமல் குழாய் சர்ரென்று உள்ளே போய் அடியில் இடிக்கும், அந்த இடி நேராக இறக்கையின் குறுக்குத் தண்டுக்குப் போகும். டிசம்பரில் ஒரு நாள் ரொம்ப மென்மையாக இறக்கியதாக நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே இடது பக்கம் 'டங்' என்று ஒரு சத்தம். பயணி இருக்கையில் இருந்த என் மனைவி திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வைதான் இந்தப் பழுதுவேலைக்குக் காரணம்.

எங்கள் தளத்தில் எழுபது தாண்டிய ஒரு மெக்கானிக் இருக்கிறார், பெரியவர் என்றே வைத்துக்கொள்கிறேன். ஓய்வு பெற்றுவிட்டதாகச் சொல்வார், ஆனால் தினமும் காலையில் வந்துவிடுவார். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "எவ்வளவு நாளாகக் காற்றடித்தே ஓட்டுகிறாய்?" நான் ஒரு வருஷம் என்று பொய் சொன்னேன். ஓ-ரிங்குகளுக்கு, அதாவது கசிவை அடைக்கிற ரப்பர் வளையங்களுக்கு, ஆர்டர் போடச் சொன்னார். ஒரு செட் போட்டேன். "இரண்டு செட் போடு" என்றார். ஏன் என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

வேலை நாளன்று இறக்கைக்குக் கீழே ஜாக்கிகளைக் கொடுத்துத் தூக்கினோம். வாலில் சிமெண்ட் நிரப்பிய வாளி ஒன்றைக் கட்டித் தொங்கவிட வேண்டும், இல்லாவிட்டால் மூக்கு கவிழ்ந்துவிடும். அடுத்தது காற்றை வெளியேற்றுவது. இதை மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். டயரில் இருப்பது 24 பிஎஸ்ஐ, ஸ்ட்ரட்டில் அதைப்போலப் பல மடங்கு. வால்வின் ஊசியை அழுத்தி, உஸ் என்ற சத்தம் முழுக்க நின்று, சக்கரத்தைக் கையால் தூக்கினால் எதிர்ப்பே இல்லாமல் மேலே போகிறது என்று உறுதியான பிறகுதான் வால்வின் உள்பகுதியைத் திருகிக் கழற்ற வேண்டும். அழுத்தம் இருக்கும்போது கழற்றினால் அது துப்பாக்கிக் குண்டுதான். பெரியவர் தானே அழுத்திப் பார்த்தார், அப்புறம் என்னையும் அழுத்தச் சொன்னார், அப்புறம் மறுபடி தானே அழுத்தினார். முகத்தை வால்வுக்கு நேராக வைக்கவே கூடாது. முதலில் காற்று வரும், அடுத்து எண்ணெய் நுரையாகத் தெறிக்கும். என் சட்டையில் இன்னும் அந்தச் சிவப்பு இருக்கிறது.

பிரேக் குழாயைப் பிரித்துவிட்டு, டார்க் லிங்க் என்கிற அந்தக் கத்தரிக்கோல் மாதிரியான இரண்டு கைகளைக் கழற்றினோம். சக்கரம் பக்கவாட்டில் திரும்பிவிடாமல் பிடித்துக்கொள்வது அதுதான். இரண்டு கைகளும் சேருகிற இடத்தில் மெல்லிய வாஷர்கள் இருக்கும். அவை எந்தப் பக்கம் எத்தனை என்பதை மாற்றாமல் திரும்பப் போட வேண்டும், ஏனென்றால் சக்கரம் நேராக ஓடுவதை அவைதான் தீர்மானிக்கின்றன, மாறினால் டயர் ஒரு பக்கமாகத் தேயும். நான் ஃபோனில் படம் எடுத்துவிட்டுப் பெருமையாக நின்றேன். பெரியவர் வாஷர்களை ஒரு கம்பியில் இருந்த வரிசைப்படியே கோத்து முடிச்சுப் போட்டு ஆணியில் மாட்டினார். அவர் முறை மேல். என் படத்தில் வாஷர் எது நிழல் எது என்றே தெரியவில்லை.

அதற்கப்புறம் ஸ்னாப் ரிங். உருளையின் அடிவாயில், உட்புறப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிற ஒரு எஃகு வளையம். அதை எடுத்தால்தான் பிஸ்டன் குழாய் வெளியே வரும். கையேட்டில் ஒரே வரிதான், ஸ்னாப் ரிங்கை விடுவித்துக் குழாயை இழுக்கவும் என்று. எங்களுக்கு ஒன்றரை மணி நேரம். முப்பது வருஷத் துருவும் சேறும் சேர்ந்து வளையம் பள்ளத்தோடு ஒட்டிப்போயிருந்தது. துரு இளக்குகிற எண்ணெய் விட்டு, காப்பி குடித்துவிட்டு வந்து, இடுக்கியால் கொஞ்சம் நெருக்கி, விட்டு, மறுபடி நெருக்கி, கீழே மல்லாந்து படுத்துக்கொண்டு, கண்ணில் துருத்தூள் விழ, எனக்கு அந்த நேரத்தில் பைப்பர் கப் வைத்திருக்கிறவர்கள் மேல் பொறாமையாக இருந்தது. அதில் ரப்பர் கயிறுதான், எண்ணெயுமில்லை வாயுவுமில்லை. செஸ்னாக்காரர்கள் பாடு இன்னும் நிம்மதி, முக்கியக் கால்களுக்கு வளைகிற எஃகுதான், ஸ்டீவ் விட்மன் கண்டுபிடித்த யோசனை.

ஒருவழியாகக் குழாய் வந்தது. வந்ததும் பெரியவர் ஓ-ரிங்கைப் பார்க்கவில்லை, குழாயை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு விரல் நகத்தால் மெதுவாக வருடினார். ஓரிடத்தில் நகம் தட்டியது. குழாயின் முன்பக்கம், வழக்கமாக வெளியே தெரிகிற பகுதியில், கடுகை விடச் சின்னதாக நான்கைந்து புள்ளிகள். அதில் ஒன்றைச் சுற்றி க்ரோம் பூச்சு லேசாகக் கொப்புளித்திருந்தது. அப்போதுதான் முழுக் கதையும் எனக்கு விளங்கியது. ஸ்ட்ரட் சரியான உயரத்தில் நின்றால் இந்தப் புள்ளிகள் சீலுக்கு வெளியே இருக்கும், தரையில் மோதுகிற அந்த ஒரு கணம் மட்டும் உள்ளே போய்வரும். ஸ்ட்ரட் இறங்கி நின்றாலோ, அந்தச் சொரசொரப்பான பகுதியே சீலின் மேல் உட்கார்ந்துவிடும், தரையில் உருண்டு போகிற ஒவ்வொரு குலுக்கலுக்கும் ரப்பரை அரம் மாதிரி ராவும். ராவ ராவ எண்ணெய் ஒழுகும், ஒழுக ஒழுக இன்னும் இறங்கி நிற்கும். வாரக்கணக்கில் அதை இறங்கிய நிலையிலேயே ஹேங்கரில் விட்டுவிட்டு, பறக்கிற அன்று மட்டும் காற்றடித்த புண்ணியவான் யார் என்று சொல்லத் தேவையில்லை.

ஓ-ரிங் எப்படி இருந்தது என்றால், வட்டமான குறுக்குவெட்டு ஒரு பக்கம் சப்பையாகிப்போய், வளைத்தால் விரிசல் விட்டது. பல வருஷம் மாற்றாத குக்கர் காஸ்கெட் மாதிரி. இந்த இடத்தில் இரண்டு வளையங்கள் வேலை செய்கின்றன. வெளிப்புறம் இருப்பது அசையாமல் உட்கார்ந்து அடைக்கிறது, உட்புறம் இருப்பது குழாய் வழுக்கி ஓடுவதற்கு இடம் கொடுத்துக்கொண்டே அடைக்கிறது. போவது எப்போதும் உட்புறத்து வளையம்தான். அதற்கும் கீழே வைப்பர் என்று ஒரு வளையம், குழாயில் ஒட்டிய மண்ணை வழித்து வெளியே தள்ளுவதற்கு. எங்களுடையதில் வைப்பர் இருந்த இடத்தில் ஒரு கறுப்புப் பசைதான் மிச்சம். ஒன்று சொல்ல வேண்டும், இந்த ரப்பர் 5606 மாதிரியான கனிம எண்ணெய்க்கென்று செய்தது. கார் பிரேக் எண்ணெயை யாராவது ஆபத்துக்கு ஊற்றினால் ரப்பர் ஊதி வீணாகிவிடும்.

கொப்புளித்த க்ரோமை மெருகேற்றிச் சமாளிக்க முடியாது என்று பெரியவர் சொல்லிவிட்டார். சின்னக் கீறல் என்றால் மெல்லிய உப்புத்தாளால் விளிம்பை மழுக்கிவிடலாம், பூச்சுக்கு அடியில் துரு புகுந்துவிட்டால் அது பரவிக்கொண்டேதான் இருக்கும். புதிதாகப் பூச வேண்டுமானால் பழையதை உரித்து, கடைந்து, க்ரோம் ஏற்றி, உடனே அடுப்பில் வைத்துச் சுட வேண்டும். பூசும்போது எஃகுக்குள் புகுகிற ஹைட்ரஜனை விரட்டத்தான் அந்தச் சூடு, விரட்டாவிட்டால் உறுதியான எஃகு ஒரு நாள் முன்னறிவிப்பில்லாமல் கண்ணாடி மாதிரி முறியும். இதற்கெல்லாம் வாரக்கணக்கில் ஆகும். பழைய விமானங்களைப் பிரித்து விற்கிறவரிடமிருந்து நல்ல நிலையில் ஒரு குழாய் கிடைத்தது. பெரியவர் அளந்து பார்த்து ஒத்துக்கொண்டார். ஓ-ரிங், வைப்பர் எல்லாம் சேர்த்தே 20 டாலருக்குள்தான் வந்தது. குழாய்க்கு என்ன கொடுத்தோம் என்று எழுதினால் என் மனைவியும் படிப்பார்.

மாட்டும்போது முதல் ஓ-ரிங்கை வெட்டினேன். புது வளையத்தில் எண்ணெய் தடவி, பொறுமையாகத்தான் ஏற்றினேன், ஆனால் ஸ்னாப் ரிங் உட்காருகிற அந்தப் பள்ளத்தின் விளிம்பு கூர்மையானது, அதைத் தாண்டும்போது வளையத்திலிருந்து நகக்கீற்று அளவுக்கு ஒரு துண்டு சீவி வந்துவிட்டது. இரண்டு செட் ஏன் என்ற கேள்விக்கு அங்கே பதில் கிடைத்தது. அடுத்த தடவை பெரியவர் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைச் சுருட்டிப் பள்ளத்தை மறைத்து, வளையம் தாண்டியதும் உருவி எடுத்தார். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன். "சொன்னால் நினைவிருக்காது" என்றார்.

எண்ணெய் நிரப்புகிற விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. வால்வில் ஒளி புகும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை மாட்டி, மறுமுனையை எண்ணெய் டப்பாவில் மூழ்கவிட்டு, சக்கரத்தைப் பிடித்து மேலே தள்ளுவதும் கீழே இழுப்பதுமாக இருக்க வேண்டும். தள்ளினால் காற்று குமிழ் குமிழாகப் போகும், இழுத்தால் எண்ணெய் ஏறும். குமிழே வராமல் வெறும் சிவப்பு மட்டும் போய்வந்தால் முடிந்தது. ஜாக்கியிலிருந்து இறக்கி நைட்ரஜன் அடித்தோம். காற்றும் அடிக்கலாம்தான், ஆனால் நைட்ரஜனில் ஈரம் இல்லை, உள்ளே துரு வைக்காது. இங்கே என் பங்காளி ரெகுலேட்டரைக் கொஞ்சம் தாராளமாகத் திறந்துவிட்டார். ஸ்ட்ரட் முதலில் பிடிவாதமாக அசையாமல் இருந்து, அப்புறம் ஒரே தாவலில் முழு உயரத்துக்கும் போனது, விமானம் வலது பக்கம் சாய, நாங்கள் மூன்று பேரும் மூன்று திசையில் ஓடினோம். சின்னச் சின்னதாக விட்டு, ஒவ்வொரு தடவையும் இறக்கையை ஆட்டி, ஒட்டிக்கொண்டிருக்கிற குழாய் தன் இடத்துக்கு வர விட்டு, அப்புறம் அளக்க வேண்டும்.

வாஷர்கள் கம்பியிலிருந்த வரிசைப்படியே ஏறின. பிரேக்கில் புகுந்த காற்றை எடுத்தோம். லாக் புத்தகத்தில் பெரியவர் நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார், 1994-க்கு அப்புறம் அந்தக் காலைப் பற்றிக் காற்றடிப்பு தவிர்த்த முதல் குறிப்பு. அன்று மாலையே மூன்று தடவை ஏறி இறங்கினேன். மூன்றில் ஒன்று நிஜமாகவே மோசமான இறக்கம், ஆனால் இடது பக்கத்திலிருந்து சத்தம் வரவில்லை, கால் மெதுவாக மூச்சு விட்டு உட்கார்ந்தது.

இது நடந்து ஆறு வாரம் ஆகிறது. கதவுப் பையில் 5606-இல் நனைத்த துணி ஒன்று வைத்திருக்கிறேன், பறந்து வந்ததும் குழாய்களைத் துடைத்துவிடுவேன். இடது கால் இன்னும் 4.5 அங்குலத்தில்தான் நிற்கிறது. நேற்று போய்ப் பார்த்தேன், வலது பக்கம் இரண்டு விரல் இறங்கியிருந்தது. பம்பைத் தொடவில்லை. ஓ-ரிங் இரண்டு செட் ஆர்டர் போட்டுவிட்டேன்.